அவர் மணி அடித்தார்

நீங்கள் இப்போதெல்லாம் சைக்கிளில் ஏறுவதே இல்லை, தள்ளிக்கொண்டேதான் போகிறீர்கள் என்று எனக்கு முதலில் சொன்னது பூக்கார செண்பகம். ஆவணி கடைசி வெள்ளிக்கிழமை, கோயில் வாசலில், கதம்பத்தை முழம் போட்டபடியே சொன்னாள். "ஏனுங்க்கா, உங்க காருல வந்து உழுந்தாரே டீக்காரரு, அவரு இப்ப சைக்கிள்ல ஏர்றதே இல்லீங்க்கா. தறிப்பட்டற வரைக்கும் மூணு கிலோமீட்டரும் தள்ளிக்கிட்டே போறாரு. காலு கையெல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஏன்னு கேட்டா சிரிக்கறாரு." காரில் வந்து விழுந்தாரே என்றாள். விழுவதற்கென்றே நீங்கள் வீட்டிலிருந்து கிளம்பி வந்த மாதிரி. ஊரே அப்படித்தான் சொல்கிறது, அவள் மேல் என்ன குற்றம். நான் பூவை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அன்றைக்கு ராத்திரி கண்ணை மூடினால் சைக்கிள் சக்கரம் மட்டும் மெதுவாகச் சுற்றிக்கொண்டு போகிறது, மேலே ஆள் இல்லை. இன்றைக்கு ஐப்பசி வெள்ளி. செண்பகம் சொன்னதை நான் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். வாய்க்கால் ரோட்டில் எங்கள் காருக்கு முன்னால் நீங்கள் போகிறீர்கள். கேரியரில் டீ கேன், அதைச் சுற்றி ஈரச் சாக்கு, ஹேண்டிலில் தொங்குகிற வாளிக்குள் காகிதக் கப்புகள். வலது தோளைக் கொஞ்சம் தூக்கி வைத்துக்கொண்டு நடக்கிறீர்கள். அந்தத் தோள்தான். ஒரு பக்கம் வாய்க்கால், இன்னொரு பக்கம் தண்ணீர்க் குழாய்க்குத் தோண்டிப் போட்ட குழி, நடுவில் ஒரு கார் போகிற அகலம்தான் ரோடு. உங்களைத் தாண்டிப் போக வழி இல்லை. கோயில் வரைக்கும் இப்படித்தான் போயாக வேண்டும், நீங்கள் முன்னால், நாங்கள் பின்னால். மாரியாத்தா, நீ செய்கிற வேலைதானா இது?

தாமு ஹாரன் அடிக்கிறான். என் பையன் கெட்டவன் இல்லை, அவசரக்காரன். கம்பெனியில் எட்டு மணி நேரம் மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு வருகிறவனுக்கு ரோட்டில்தான் குரல் வருகிறது. முன்னால் போகிறது நீங்கள் என்று அவனுக்குத் தெரியவில்லை. அவனுக்கு உங்கள் முதுகு ஞாபகம் இல்லை, அவன் பார்த்தது உங்கள் முகத்தை. நான் பார்த்தது முதுகைத்தான், ரோட்டில் குப்புறக் கிடந்தபோது சட்டையில் டீ பரவிக்கொண்டிருந்த முதுகு. "பெருசு ஏறி மிதிச்சாத்தான் என்னவாம்? சைக்கிள வாங்கி வாக்கிங் கூட்டிட்டுப் போவுது பாரும்மா" என்கிறான். எனக்குச் சிரிப்பு வர வேண்டிய இடம். வரவில்லை. எதிரே மோட்டார் சைக்கிளில் வந்த இரண்டு பேர் உங்களை உரசுகிற மாதிரிப் போகிறார்கள், பின்னால் உட்கார்ந்திருப்பவன், "ஏய் பெருசு, ஓரம் போ!" என்று கத்துகிறான். இன்னும் எந்த ஓரத்துக்குப் போவது? ஓரம் என்று சொல்கிற இடத்தில் வாய்க்கால் தண்ணீர் போகிறது. நீங்கள் திரும்பிப் பார்க்கவில்லை. நின்று, சைக்கிளை இடுப்போடு சேர்த்துப் பிடித்து, அவர்கள் போன பிறகு மறுபடி நடக்கிறீர்கள். என் பக்கத்து இருக்கையில் பூத்தட்டு இருக்கிறது. அன்றைக்கும் இங்கே தட்டுதான் இருந்தது. மாவிளக்குத் தட்டு. ஆடி இரண்டாம் வெள்ளி, விடியற்காலையிலிருந்து அரிசி இடித்து, வெல்லம் சேர்த்து, கொஞ்சம்கூட விரிசல் விடாமல் பிடித்து வைத்த மாவிளக்கு. வண்டி குலுங்கினால் சரியுமே என்று இடது பக்கம் முழுக்க அதற்கே கொடுத்துவிட்டு நான் வலது பக்கம், தாமுவுக்குப் பின்னால் உட்கார்ந்தேன். இடது பக்கம் இறங்கியிருக்கலாம். தட்டைத் தாண்ட வேண்டும். ஆத்தாளுக்குப் பிடித்து வைத்ததைத் தாண்டுவதா என்று தோன்றியது. அதைத் தாண்டக் கூடாது என்று அத்தனை யோசித்தவள், ரோட்டில் வருகிற மனுஷரை யோசிக்கவில்லை.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கரூரில் கட்டிக் கொடுத்த மகள் சுகந்தி வாரம் இரண்டு தடவை போன் பண்ணுகிறாள். "ஏம்மா கொரலு ஒரு மாதிரியா இருக்குது, சுகர் பாத்தியா?" என்கிறாள். பார்த்தேன், நூற்று நாற்பது என்றேன். சுகருக்கு ஒரு கருவி இருக்கிறது, விரலைக் குத்தினால் சொல்லிவிடுகிறது. இதற்கு எதைக் குத்துவது. கோயிலில் உங்கள் பெயருக்கு அர்ச்சனை பண்ணலாம் என்று போனேன். பூசாரி தட்டை வாங்கிக்கொண்டு, "பேரு?" என்றார். டீக்காரர் என்றேன். "டீக்காரர்னு பேரு வெப்பாங்களாம்மா? நட்சத்திரம்?" தெரியாதுங்க என்றேன். "பேரும் தெரியாது, நட்சத்திரமும் தெரியாது, அப்ப ஆத்தா பேருக்கே பண்ணீர்லாம். ஆத்தாளுக்கு என்ன, தோள்பட்டையா ஒடஞ்சிருக்குது?" என்று சிரித்தார். எனக்குப் பின்னால் நின்றவர்களும் சிரித்தார்கள். உடைத்த தேங்காயில் ஒரு மூடியைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து அதில் சட்னி அரைத்தேன். இட்லிக்கு நன்றாக இருந்தது என்று தாமு இன்னும் இரண்டு போட்டுக்கொண்டான். உங்களுக்காக உடைத்த தேங்காய் அது, அதையும் நாங்கள்தான் சாப்பிட்டோம். இதை நினைத்தால் எனக்கு உடம்பு அசந்து போகிறது. சாமி கும்பிடுவதில்கூட அலுப்பு வரும் என்று நான் நினைத்ததே இல்லை. நாற்பது வருஷமாக விளக்கேற்றுகிறவள் நான். இப்போது விளக்கின் முன்னால் உட்கார்ந்தால், தாயே அவரைக் காப்பாத்து என்று ஆரம்பிக்கிறேன், எவரை என்று அவள் கேட்கிறாள், அதோடு நின்றுவிடுகிறது. மறுபடி ஆரம்பிக்கிறேன். மறுபடி அதே இடம். துணியில் ஊசி சிக்கின மாதிரி.

அன்றைக்குக் கூட்டம் கூடியதே, அதைத்தான் நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். தறிப்பட்டறையிலிருந்து பத்து பதினைந்து பேர் ஓடி வந்தார்கள். தாமு தேங்காய் வாங்கப் போனவன் ஓடி வந்தான், கையில் தேங்காய்ப் பையோடு. கார் வாங்கி மூன்று வாரம். ஒருவன் தாமுவின் சட்டையைப் பிடித்துவிட்டான். "கண்ணு பொடனீலயா இருக்குது? கதவத் தொறக்கறப்ப பாக்க மாட்டியா?" தொறந்தது அவன் இல்லை, நான். தாமு அதைச் சொல்லவில்லை. அம்மா தொறந்தாங்க என்று என்னைக் கைகாட்டவில்லை அவன். "அந்தாளு பெல் அடிக்கவே இல்லீங்க, பெல் அடிச்சிருந்தா யாராச்சும் தொறப்பாங்களா?" என்றான். நீங்கள் தரையில் உட்கார்ந்து, இடது கையால் வலது தோளைப் பிடித்துக்கொண்டு, "அடிச்சனுங்க" என்றீர்கள். சத்தமாகக்கூட இல்லை. பக்கத்தில் டீ ஆவி பறந்துகொண்டு தார் ரோட்டில் ஓடியது. "அடிச்சனுங்க, ரெண்டு தடவ அடிச்சனுங்க." அப்போதுதான் தாமு என் பக்கம் திரும்பினான். "ஏம்மா, நீதான் உள்ள இருந்தே. பெல் சத்தம் கேட்டுச்சா?" அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நெற்றியில் திருநீறு, மடியில் மாவிளக்குத் தட்டை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை. தாமுவின் சட்டையில் இன்னும் அந்த ஆளின் கை இருந்தது. நீங்களும் பார்த்தீர்கள். நான் தலையை ஆட்டினேன். இல்லை என்று. வாயால் ஒரு வார்த்தை பேசவில்லை. வாயால் பேசாததால் பொய் இல்லை என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டையிலிருந்து அந்தக் கை இறங்கிவிட்டது. கூட்டம் உங்கள் பக்கம் திரும்பி, "ஏனுங்ண்ணா, பாத்து வர்றதில்லீங்களா" என்றது. தாமுதான் உங்களைக் காரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனான், கட்டுப் போடுகிற வரைக்கும் கூட இருந்தான், செலவெல்லாம் அவன்தான் பார்த்தான். காறை எலும்பு விரிசல் விட்டிருக்கிறது, ஆறு வாரத்தில் கூடிவிடும் என்றார்களாம். கூடிவிட்டது. பிறகு ஏன் தள்ளிக்கொண்டு போகிறீர்கள்?

மறுபடி ஹாரன். "அடிக்காத கண்ணு" என்கிறேன். "அடிக்காம எப்படிம்மா, அவருக்கு நாம பின்னாடி வர்றது தெரிய வேண்டாமா?" தெரிகிறது, உங்களுக்கு நன்றாகத் தெரிகிறது. முதுகைப் பார்த்தாலே தெரிகிறது. பின்னால் வண்டி வருகிற முதுகு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். நான் அப்படி ஒரு முதுகைப் பிடித்துக்கொண்டு எத்தனை வருஷம் கேரியரில் உட்கார்ந்து போயிருக்கிறேன். எங்கள் வீட்டுக்காரர் நூல் மில்லுக்கு இருபத்தாறு வருஷம் சைக்கிளில்தான் போய் வந்தார். ஞாயிற்றுக்கிழமையில் நாலு பேரும் ஒரே சைக்கிள். சுகந்தி முன்கம்பியில், தாமு என் மடியில், நான் கேரியரில். பவானியில் ஒரு சீர் விசேஷத்துக்குப் போய்விட்டு வரும்போது பின்னால் லாரி வந்தது. லாரி இடிக்கவில்லை. தாண்டிப் போகும்போது அதில் தொங்கிய கயிறு என் முந்தானையைத் தொட்டுவிட்டுப் போனது, அவ்வளவுதான். அந்தக் காற்றில் சைக்கிள் இரண்டு தடவை ஆடியது. அவர் இறங்கினார். எங்களையும் இறக்கினார். அங்கிருந்து வீடு வரைக்கும் தள்ளிக்கொண்டே வந்தார். எனக்குப் புதுச் செருப்பு கடித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடந்த எரிச்சலில், "ஏனுங்க, ஏறி மிதிச்சா கொறஞ்சா போயிருவீங்க?" என்றேன். அவர் சைக்கிளை நிறுத்தாமலே, "காலு நடுங்குது புள்ள" என்றார். ஒரே ஒரு தடவைதான் அப்படிச் சொன்னார். மறுநாள் காலையில் மில்லுக்குச் சைக்கிளில் போய்விட்டார். நடுக்கம் என்றால் ஒரு நாளில் போய்விடும். உங்களுக்கு ஏன் போகவில்லை? ஆடி, ஆவணி, புரட்டாசி, ஐப்பசி. என் மடியில் அன்றைக்கு உட்கார்ந்திருந்தவன்தான் இப்போது உங்கள் பின்னால் ஹாரன் அடிக்கிறான். அந்தக் கயிறு அவனையும் தொட்டிருக்கும். கைக்குழந்தை, அவனுக்கு என்ன ஞாபகம் இருக்கப் போகிறது.

எங்கள் வீட்டுக்காரருடைய மணியும் எனக்கு ஞாபகம் இருக்கிறது. இதற்கு வரக் கூடாது என்றுதான் இத்தனை நேரம் சுற்றிச் சுற்றிப் போனேன். வந்துவிட்டேன். தெருமுனை திரும்பும்போது அவர் இரண்டு தடவை மணி அடிப்பார். ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. அடுப்படியில் இருந்தாலும் சரி, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, நான் எழுந்து போய்க் கதவைத் திறந்துவிடுவேன். அவர் இறங்கித் தட்ட வேண்டியதில்லை, சைக்கிளோடு நேராக நடைக்குள் வந்துவிடுவார். இருபத்தாறு வருஷம். ஒரு நாள்கூடக் கதவு மூடியிருந்து அவர் நின்றது கிடையாது, அதில் எனக்கு ஒரு பெருமை. அவர் போய்ப் பதினோரு வருஷம் ஆகிறது. தெருவில் இப்போது யார் சைக்கிள் மணி அடிக்கிறார்கள், எல்லாம் ஹாரன்தான். அன்றைக்குக் காருக்குள் தனியாக உட்கார்ந்திருந்தேன். கண்ணாடி ஏற்றியிருந்தது. மாவிளக்கில் வைத்த நெய் வாசனை, புதுக் காரின் வாசனை, கொஞ்சம் கண் செருகியது. அப்போது மணி கேட்டது. ஒன்று நீளமாக, ஒன்று குட்டையாக. என் கை போய்க் கதவைத் திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை என்று சொல்ல வரவில்லை, என் கைதான், நான்தான். ஆனால் கோயிலுக்கு இறங்குவதற்காகத் திறக்கவில்லை, தட்டைத் தாண்ட யோசித்தேன் என்றதெல்லாம் சாக்கு. தாமு இன்னும் தேங்காய்க் கடையில்தான் நின்றான், இறங்குவதற்கு நேரமே ஆகவில்லை. நீங்கள் மணி அடிக்காததால் நான் திறந்தேன் என்று ஊர் சொல்கிறது. நீங்கள் அடித்ததால்தான் திறந்தேன். இதை எப்படிச் சொல்வது? யாரிடம் சொன்னாலும் கிழவிக்குப் புத்தி பிசகிவிட்டது என்பார்கள். சுகந்தி உடனே டாக்டரிடம் கூட்டிப் போவாள். ஆத்தாளிடம் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிறாள். அவளிடம் சொல்ல வேண்டியது இல்லை இது, அதனால்தான் சும்மா இருக்கிறாள் போல.

தாமு அதற்கப்புறம் எனக்குக் கதவு திறக்கச் சொல்லிக் கொடுத்தான். வலது பக்கக் கதவை இடது கையால் திறக்க வேண்டுமாம். இடது கையை நீட்டினால் உடம்பு தானாகத் திரும்பும், பின்னால் வருவது கண்ணில் படும். யாரோ ஆபீசில் சொன்னார்களாம். "கோயிலுக்குப் போறப்ப எடது கையாடா?" என்றேன். "கதவு என்ன பிரசாதமாம்மா, சோத்துக் கையில வாங்க?" என்றான். வீட்டு வாசலில் காரை நிறுத்தி நாலு தடவை திறந்து மூட வைத்தான். சின்னதில் அவனுக்கு நான் ஷூ லேஸ் கட்டச் சொல்லிக் கொடுத்த மாதிரி, அதே பொறுமை. அவனுக்குள்ளும் ஏதோ உறுத்தல் இருக்கிறது. இல்லாவிட்டால் ஏன் சொல்லிக் கொடுக்கிறான்? ஆனால் பேச மாட்டான். நான் தலையாட்டியதைத்தான் அவன் பிடித்துக்கொண்டு நிற்கிறான். அம்மா பொய் சொல்ல மாட்டாள். அவனைப் பொறுத்தவரை நீங்கள் மணி அடிக்கவில்லை. அவன் பொய் சொன்னதாக அவனுக்கே தெரியாது. அவன் ஊகித்துச் சொன்னான், நான் அதை நிஜமாக்கிவிட்டேன். இப்போது உண்மையைச் சொன்னால் என் பையனின் முகம் எப்படிப் போகும்? முப்பத்திரண்டு வயதில் அம்மாவைப் பற்றி ஒன்று புதிதாகத் தெரிந்துகொள்வது. சொல்லாவிட்டால் நீங்கள் இப்படியே தள்ளிக்கொண்டு போவீர்கள். மூன்று கிலோமீட்டர், போக வர ஆறு. மழைக் காலம் வேறு. இரண்டையும் தராசில் வைக்கிறேன், தட்டு ஆடுகிறது, எனக்குக் கை ஓய்ந்துவிடுகிறது, கீழே வைத்துவிடுகிறேன். நாலு மாதமாக இதுதான் வேலை.

குழி முடிகிறது. முன்னால் ரோடு அகலமாகிறது, கோயில் கோபுரத்து பல்பு தெரிகிறது. தாமு வலது பக்கம் ஒடிக்கிறான். கார் உங்கள் பக்கத்தில் வருகிறது. என் இடது பக்கக் கண்ணாடி வழியாக, பூத்தட்டுக்கு மேலே, உங்கள் முகம் மெதுவாகப் பின்னால் நகர்கிறது. நரைத்த மீசை. வியர்வை. நீங்கள் காரைப் பார்க்கவில்லை, உங்கள் கையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறீர்கள், ஹேண்டிலைப் பிடித்திருக்கிற வலது கையை. ஏன் கையையே பார்க்கிறீர்கள்? மணி அங்கேதான் இருக்கிறது, மூடி ஒரு பக்கம் நசுங்கி. அன்றைக்கு நசுங்கியது. தாமு தாண்டிவிட்டான். "அப்பாடா" என்கிறான். "நிறுத்து கண்ணு." "கோயிலு அங்கல்ல இருக்குது." "நிறுத்து சாமி." அவன் ஓரமாக நிறுத்துகிறான். "என்னம்மா, மயக்கமா வருதா?" இடது கையை நீட்டுகிறேன். உடம்பு திரும்புகிறது. அவன் சொன்னது சரிதான், பின்னால் வருவது தெரிகிறது. நீங்கள் தெரிகிறீர்கள். காரைப் பார்த்து நின்றுவிட்டீர்கள், கதவு திறந்தால் எட்டாத தூரத்தில், ஒரு கதவுக்கும் இன்னும் ஒரு முழம் அப்பால். கதவின் நீளம் உங்களுக்குத் தெரிந்துவிட்டது. நான் இறங்கி நடந்து வருகிறேன். முழங்கால் வலிக்கிறது. பின்னால் தாமுவும் இறங்குகிறான், சத்தம் கேட்கிறது. ஆத்தா, வாயைக் கொடு, தலையாட்டல் வேண்டாம்.

"ஏனுங்கண்ணா, என்னயத் தெரியுதுங்களா?"

"தெரியுதுங்கம்மா. மாவெளக்கு வெச்சிருந்தீங்க."

"நீங்க மணி அடிச்சீங்கண்ணா. ரெண்டு தடவ. எனக்குக் கேட்டுச்சு. கேட்டதுனாலதான் கதவத் தொறந்தேன். எங்க வீட்டுக்காரரு அப்படித்தான் அடிப்பாரு, பழக்கத்துல கை போயிருச்சு. அன்னைக்குக் கேக்கலைன்னு தலைய ஆட்டிட்டேன்."

"அம்மா" என்கிறான் தாமு, பின்னாலிருந்து. அவ்வளவுதான். நான் திரும்பவில்லை. கோபப்படுவீர்கள் என்று நினைத்தேன், திட்டினால் வாங்கிக்கொள்ளலாம் என்று நின்றேன். டீ கேன் மேல் சுற்றிய சாக்கிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது.

"அடிச்சனுங்களாம்மா?" என்று கேட்கிறீர்கள்.

நீங்கள் என்னிடம் கேட்கிறீர்கள்.

"அடிச்சேன்னுதானுங்க நெனச்சேன். அப்பறம் எல்லாரும் இல்லைன்னாங்க. நீங்களும் இல்லைன்னீங்க. சாமிக்கு வெளக்கு வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கற அம்மா பொய்யா சொல்லுவாங்க, நாமதான் அடிச்சதா நெனச்சுக்கிட்டோமாட்ட இருக்குதுன்னு வீட்லயும் சொன்னனுங்க. அதுக்கப்பறம் சைக்கிள்ல ஏறுனா, இந்தக் கை எதைப் பண்ணுது, எதைப் பண்ணலைன்னே தெரிய மாட்டேங்குது. பிரேக்கு புடிச்சமா, புடிக்கலையா. பின்னால பாத்தமா, இல்லையா. அதான், கீழ நடந்தா யாருக்கும் தொந்தரவு இல்லீங்களே." சொல்லிவிட்டுச் சிரிக்கிறீர்கள். செண்பகம் சொன்ன சிரிப்பு.

நான் உடைத்தது எலும்பு என்று நினைத்துக்கொண்டிருந்தேன். எலும்பு கூடிவிட்டது. எனக்கு மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை, அந்த வார்த்தை வாயில் வந்து வந்து போகிறது. பின்னால் ஒரு வேன் வருகிறது. தாமு ரோட்டில் இறங்கி நின்று கையைக் காட்டி அதை மெதுவாகப் போகச் சொல்கிறான், அவன் முகத்தை நான் இன்னும் பார்க்கவில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் விரல் அந்த நசுங்கின மூடியின் பக்கத்தில்தான் இருக்கிறது.

"அண்ணா, இப்ப ஒருக்கா அடிங்க. இவனும் கேக்கட்டும்."